வெயில் ஆஸ்பத்திரி

ஆரஞ்சுத் தோட்டத்தின் படலைத் தாண்டியதும் ஒரு மரக்கொட்டகை இருந்தது. மூன்று பக்கமும் பலகைச் சுவர், உள்ளே வரிசையாக மர முளைகள். ஒவ்வொரு முளையிலும் யாரோ ஒருவருடைய துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் நீலத் தமெயின் ஒன்று, ஆண்பிள்ளை லுங்கி ஒன்று, கம்பளிச் சட்டைகள், முழங்கையில் ஒட்டுப்போட்ட பழைய கோட்டு. கொட்டகைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல்தான் போக வேண்டும். அதுதான் அந்த இடத்தின் முதல் சட்டம். அக்கா முளைகளுக்கு முன்னால் நின்று இடது மணிக்கட்டின் பித்தானைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள். மறுபடியும் கழற்றினாள். மலைக்காற்று குளிர்ந்து வீசியது. அவள் மேலுதட்டில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"வேணாம்னா திரும்பிடலாம்க்கா. கீழ லாரி இன்னும் கிளம்பியிருக்காது" என்றேன்.

அவள் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்கா எதற்கும் அவ்வளவு நேரம் யோசித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரங்கூனில் பபேடான் பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. எங்கள் முன்னோர் கப்பல்துறையில் மூட்டை சுமக்க வந்தவர்கள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து, நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள் அந்த வீட்டில். எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் நுனியில் கிளிப் மாட்டிய கயிறு ஒன்று தெருவரைக்கும் தொங்கும். கீழே நிற்கும் காய்காரியிடம் மேலிருந்தே பேரம் பேசி, கயிற்றில் காசை இறக்கிக் காயை ஏற்றிக்கொள்வோம். அந்தப் பேரத்தில் அக்காவை வெல்ல ஆள் கிடையாது. பாதி பர்மியமும் பாதித் தமிழுமாக அவள் குரல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கும். "கத்திரிக்காய்ல ஓட்டை இருந்தா அத யாரு திங்கிறது, நீயா நானா?" என்பாள். காய்காரி சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு காயைப் போட்டுக் கட்டுவாள். மற்ற பால்கனிகளில் இருக்கும் பெண்கள், அக்கா விலை பேசி முடிக்கும்வரை காத்திருந்து அதே விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

ஊரெல்லாம் கலவரமும் ஊரடங்குமாக இருந்த எண்பத்தெட்டாம் வருஷம், அது அடங்கிய பிறகு, இரண்டு தெரு தள்ளி மசாலாக் கடை வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அத்தான் அதிகம் பேசாதவர். கடை, வீடு இரண்டையும் நடத்தியது அவருடைய அம்மாதான். அடுத்த வருஷக் கடைசியில் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயத்தில் அக்காவின் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தாளாம். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாளாம். அது சுண்ணாம்பு இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தை ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு கண்ணைச் சுற்றி, கழுத்தில், விரல்களில், முதுகில் என்று மெல்ல மெல்லப் பரவியது. வலி இல்லை, அரிப்பு இல்லை. வெறும் நிறம்தான் போனது. ஆனால் நம்முடைய ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரில் குஷ்டம் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சொல்தான் அவளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியது.

அவள் மாமியாரை நான் பல வருஷம் வெறுத்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அந்த அம்மாளும் பயந்துதான் போயிருந்தார் என்று தெரிகிறது. சாப்பாட்டுச் சாமான் விற்கிற கடை. மஞ்சள்தூள் அள்ளிப் போடுகிற கையைத்தான் வருகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அக்காவை அழைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது. "இங்க பாருங்க சம்பந்தி, நான் ஒண்ணும் அவள வேணாம்னு சொல்லல. வைத்தியம் பாருங்க. தோல் பழையபடி ஆனதும் தாராளமா வரட்டும். பிள்ள அதுவரைக்கும் எங்க வீட்லயே இருக்கட்டும். சின்னப்பிள்ள, தொத்திக்கிச்சுன்னா நாளைக்கு யாரு கட்டுவா?" அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது இருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா பால்கனிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கயிற்றை நான் இறக்கினேன். காய்காரி கேட்ட விலையைக் கொடுத்தேன். கை முழுக்க மூடும் பர்மிய எஞ்சிச் சட்டை, கழுத்துவரை பித்தான், முகத்தில் மரப்பட்டையை அரைத்த தனக்காச் சாந்து. இங்கே எல்லோரும் கன்னத்தில் தனக்கா பூசுவார்கள். அக்கா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் முகம் முழுக்கப் பூசினாள். அதற்கடியில் எது தோல், எது வெள்ளை என்று யாருக்கும் தெரியாது.

நான் அப்போது ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடைக்கு வந்த ஒரு அம்மா சொல்லித்தான் அந்தத் தோல் டாக்டரிடம் போனோம். வயதானவர், அவசரமில்லாமல் பார்ப்பார். இது தொத்துகிற வியாதியே இல்லை என்று முதல் நாளே சொன்னார். அதை மாமியார் வீட்டில் வந்து சொல்வீர்களா என்று அக்கா கேட்டாள். சீட்டில் எழுதித் தந்தார். அங்கே அதை யாரும் நம்பவில்லை. பிறகு கார்போக அரிசி என்கிற மூலிகை விதையில் காய்ச்சிய எண்ணெய் ஒன்றைக் கொடுத்தார். அதைப் பூசிக்கொண்டு தினமும் இளவெயிலில் நிற்க வேண்டும், எங்கெங்கே வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் நேராக வெயில் பட வேண்டும், அப்படிச் சில மாதம் விடாமல் செய்தால் நிறம் திரும்பலாம் என்றார். "திரும்பும்னு சொல்ல மாட்டேன். திரும்பலாம்" என்று அவர் சொன்னதில் அக்காவின் காதில் விழுந்தது இரண்டாம் பாதி மட்டும்தான்.

முதுகும் வயிறும் தொடையும் வெயிலில் பட வேண்டுமென்றால் பபேடானில் எங்கே போவது? ஒரு கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் நடுவே கை நீட்டினால் எட்டிவிடும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நான் இரண்டு போர்வையைக் கட்டி மறைத்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே குந்தியிருந்தாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ பக்கத்துக் கட்டடத்தின் உச்சி ஜன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று ஆம்பிளைகள். அக்கா எழுந்து புடவையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு அம்மா மட்டும்தான் அழுதாள்.

இதைக் கேட்ட டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கலோ மலைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்த ஒரு ஆங்கிலோ-பர்மியத் தம்பதி இருக்கிறார்கள். காட்டிலாகா வேலையிலிருந்து ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியும். அந்த அம்மாளின் அப்பா காலத்திலிருந்தே ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே தங்குகிறவர்கள் பகலில் துணியில்லாமல் இருப்பார்கள். வெயிலும் காற்றும் உடம்பில் படுவது நல்லது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எல்லோரும் வயதானவர்கள், கண்ணியமானவர்கள். "உங்களுக்கு வேணுங்கிற வெயில் அங்க இருக்கு. உங்கள யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். அக்கா நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க எத்தன மாசம் இருக்கலாம்?"

அம்மாவிடம் ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னோம். அது முழுப் பொய்யும் இல்லை. மலையடிவாரத்து ஜனங்களே அந்த இடத்தை வெயில் ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார்கள். தொண்ணூற்று நாலு முடிகிற சமயம், குளிர் தொடங்கியிருந்தது. தாஸிவரை ஒரு ரயில், அங்கிருந்து மலையேறும் சின்ன ரயில், கலோவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் லாரி, அதற்கும் மேலே ஒற்றையடிப் பாதை. அப்படித்தான் அந்தக் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றோம்.

அக்கா பித்தானோடு போராடிக்கொண்டிருந்தபோது சரிவிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தார். டாக்டர் சொன்ன தம்பதியில் மனைவி அவர்தான்; எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். தலையில் பனையோலைத் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு, வேறொன்றும் இல்லை. நான் சட்டென்று தரையைப் பார்த்தேன். அவரோ கடைத்தெருவில் சந்தித்தவர் போல, ரயில் நேரத்துக்கு வந்ததா, சாப்பிட்டீர்களா என்று பர்மியத்தில் விசாரித்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அவசரமே இல்லம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்த முதல் நாள் நான் இந்தக் கொட்டகையிலயே உக்காந்து அழுதிருக்கேன். சூரியன் மூணு மணிவரைக்கும் இருக்கும். வர்றப்போ வாங்க." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் முதுகு முழுக்கச் சுருக்கம். திரும்பியபோது இடது பக்கம் மார்பு இருந்த இடத்தில் ஒரு நீண்ட தையல் வடு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா பித்தானைக் கழற்றி, சட்டையை மடித்து முளையில் மாட்டினாள்.

பெண்களுக்குக் கிழக்குச் சரிவு, ஓடைப் பக்கம். ஆண்களுக்குப் பைன் மரங்களின் பக்கம். நடுவே புல்வெளியில் ஒரு நீள மேஜை. மதியத்தில் விருப்பமுள்ளவர்கள் அங்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மொத்தமே பத்துப் பேருக்குள்தான். மாண்டலேயிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, கரென் இனத்து நர்ஸ் ஒருத்தி, சீனப் பல் டாக்டரும் அவர் மனைவியும், இப்படி. கேமரா கூடாது. குடும்பம், சாதி, சம்பளம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வெயில் சாய்ந்தால் மலையில் எலும்பு நடுங்கும். அப்போது எல்லோரும் ஓடிப்போய்க் கம்பளிச் சட்டை, குல்லாய், இரண்டு லுங்கி என்று கரடிபோல் சுற்றிக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். பகலில் அவ்வளவு துணிச்சலாக இருந்தவர்கள் சாயங்காலம் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

புதியவள் என்று ஆன்ட்டி விட்டுவிட்டதால் நான் ஒரு வாரம் துண்டை விடவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் கூச்சம் போயிற்று. எண்ணெய் பூசிக்கொண்டு ஓடைக் கரைப் பாறையில் குப்புறப் படுத்துவிடுவாள். சாயங்காலம் உடுத்துவதற்கு முன் என்னிடம் முதுகைக் காட்டி, "இன்னிக்கு முதுகுல என்ன செய்தி?" என்று கேட்பாள். முதலில் செய்தி ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம், வெள்ளை மேல் எள்ளைத் தூவினாற்போல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நான் சொன்னதும் அவள் நம்பவில்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தப் பெண்கள் எல்லோரும் அவள் முதுகைச் சுற்றி நின்று, புதையல் கிடைத்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில்தான் அவளுடைய குரலும் திரும்பியது. ஒரு காலை கீழ்க் கிராமத்திலிருந்து காய் கொண்டுவருகிற பெண் படலுக்கு வெளியே நின்று விலை சொன்னாள். ஆன்ட்டி வழக்கம்போல் சரி சரி என்று தலையாட்டினார். சரிவின் மேலே பாறையில் படுத்திருந்த அக்கா எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "அந்தக் கோஸுக்கு அந்த விலையா? உள்ள வண்டு குடும்பம் நடத்துதே, அதுக்கு வாடகை யாரு தர்றது?" என்று பர்மியத்தில் ஒரு சத்தம் போட்டாள். ஆள் தெரியாத குரலைக் கேட்டுக் காய்காரி திகைத்துப்போனாள். பேரம் பத்து நிமிஷம் நடந்தது. சரிவில் படுத்திருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு லீவு முடிந்து நான் ரங்கூன் திரும்பினேன். மார்ச்சில் அவளை அழைத்துவரப் போனபோது, நான் போய்ச் சேர்ந்த நேரம் மதியச் சாப்பாட்டு வேளை. மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சமையலறையிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சைத் தூக்கிக்கொண்டு புல்வெளியின் குறுக்காக நடந்து வந்தாள். நல்ல உச்சி வெயில். மூடுவதற்கு ஒன்றும் இல்லை, குனியவும் இல்லை, வேகமாகவும் நடக்கவில்லை. ஆன்ட்டியின் கணவர் எழுந்து, எந்தப் பெண் வந்தாலும் எழுந்திருப்பது போல எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. என் அக்காவின் கையிலிருந்து வெளியாள் ஒருவர் தின்பண்டம் வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்தது அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்.

முகம் ஏறக்குறைய முழுக்கத் தெளிந்திருந்தது. முதுகு, வயிறு, தோள் எல்லாம் நிறம் ஓடியிருந்தது. கைகள் மட்டும் அப்படியே இருந்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை பால்வெள்ளை. ரோமம் இல்லாத இடத்தில் நிறம் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார். சேலைக்குள் மறைந்திருக்கும் இடமெல்லாம் குணமாகி, ஒரு குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "முகம் சரியாயிடுச்சு. கைதான, மெதுவா வரும்" என்றாள். ரயிலில் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சமவெளிக்கு இறங்கியதும் ஒரு மடிப்பை இறக்கினாள். பெகூ தாண்டியபோது இன்னொன்று. ரங்கூன் ஸ்டேஷனில் இறங்கும்போது மணிக்கட்டுப் பித்தான் போட்டிருந்தது.

இரண்டாம் நாளே மாமியார் வீட்டுக்குப் போனோம். தனக்கா பூசாத முகத்தோடு, கல்யாணப் புடவைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அம்மா கொடுத்த பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். மாமியார் அவள் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "பரவால்லயே, நல்லா தெளிஞ்சிருக்கே" என்றார். ஒரு நிமிஷம் எல்லாம் நல்லபடி நடந்துவிடும்போல் இருந்தது. பிறகு தட்டை வாங்கக் குனிந்தவர் அவள் கையைப் பார்த்தார். தட்டை வாங்காமல் நிமிர்ந்தார்.

உள்ளேயிருந்து குழந்தை வந்தது. ஐந்து வயது முடிந்திருந்தது. மெலிந்து உயர்ந்து, அக்காவின் அதே நெற்றி. அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை நீட்டிய கைகளைப் பார்த்தது, பாட்டியைப் பார்த்தது. பிறகு அவர் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாரிடமோ பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது: "தொட்டா எனக்கும் வரும்."

அத்தான் கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா நீட்டிய கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வராதுடா கண்ணு" என்றாள். பிறகு, "சரி, தொட வேணாம். அம்மா பாத்துட்டுப் போறேன்" என்றாள். பார்த்தாள். எழுந்து நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை அவள் நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாடிப் படியில், கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் நானும் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம்.

மழைக்காலம் வந்தபோது டாக்டர் மூலமாக ஆன்ட்டி சொல்லியனுப்பினார். அவருக்கு வயதாகிறது, தோட்டத்தையும் சமையலையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அக்கா வந்து அங்கேயே இருந்துவிடலாம். நான் போகச் சொன்னேன். அம்மாவும் போகச் சொன்னாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்க போனா நான் நல்லா இருப்பேன். அது எனக்கே தெரியுது. இங்க இருந்தா அவளப் பாக்கலாம்" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

அப்படித்தான் அவள் ரங்கூனில் தங்கினாள். பள்ளிக்கூடம் போகிற வழியில், முக்கில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாளின் பெஞ்சு ஒன்று உண்டு. காலையில் அக்கா அங்கே போய் ஒரு கிண்ணம் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். வெள்ளைச் சட்டையும் பச்சைத் தமெயினுமாகக் குழந்தை வேலைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போகும். அது கண்மறைந்ததும் அக்கா ஆறிப்போன கிண்ணத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். மழையில் தெரு முழங்கால் தண்ணீரில் கிடக்கும் நாட்களிலும் போனாள். வெயிலில் உட்காருவதையும் எண்ணெயையும் விட்டுவிட்டாள். கண்ணோரம் வெள்ளை திரும்ப வந்தது. தனக்காவைத் திரும்பப் பூசினாள்.

மூன்று வருஷத்துக்கும் மேலாக அப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை குழந்தை வரவில்லை. மறுநாளும் இல்லை. காய்ச்சலோ என்று அக்கா தவித்தாள். மொஹிங்கா விற்கும் அம்மாள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மெட்ராஸ் போய்விட்டார்கள், இரண்டு நாளைக்கு முன்பே விமானம் ஏறிவிட்டார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அக்கா எழுந்து போய் அந்தக் கடை வாசலில் நின்றாளாம். புதிதாக வாங்கியவர்கள் பெயர்ப்பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அதன் பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், இனியாவது மலைக்குப் போகட்டும் என்று. அடுத்த குளிர்காலத்தில் நானே அவளை அழைத்துக்கொண்டு போனேன். இந்த முறை பாதை அகலமாக வெட்டப்பட்டிருந்தது. படல் இல்லை, இரும்புக் கதவு இருந்தது. நேபாளிக் காவல்காரர் ஒருவர் வந்து, பழைய துரை இறந்துவிட்டார், அந்த அம்மாளை மகன் வந்து ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போய்விட்டான், இடத்தை வாங்கியவர் ஓட்டல் கட்டுகிறார் என்றார். பாதி ஆரஞ்சு மரங்களை வெட்டியிருந்தார்கள். காவல்காரர் நல்ல மனிதர், கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆட்கள் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையோடு, வெயில் இருந்தவரைக்கும் முகத்தை மட்டும் அண்ணாந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "போலாம் வா, குளிருது" என்றாள்.

அம்மா போன பிறகு நாங்கள் இருவரும்தான். அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். இரண்டாயிரத்து எட்டில் பெரிய புயல் அடித்து நகரத்தையே புரட்டிப்போட்டது. அதற்குப் பின் வந்த மழையில், நல்ல தண்ணீர் இல்லாமல் ஊரே தவித்தபோது அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து இறந்துபோனாள். கடைசியில் மஞ்சள் பூத்த அவள் உடம்பில் எல்லா இடமும் ஒரே நிறமாக இருந்தது.

போன மாதம், இந்த இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், சுடிதாரும் தோளில் பையுமாக, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றாள். அந்த நெற்றியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "சித்தியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், சுவரில் அம்மா அப்பா படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்டிருந்த அக்காவின் கல்யாணப் படத்தைப் பார்த்தாள். அந்த மாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்போ?" என்றாள்.

"ரெண்டு வருஷமாச்சு."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சென்னைக்குப் போனதும், அம்மா நோயில் இறந்துவிட்டாள் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். அவள் அப்பாயி, அக்காவின் மாமியார், காலமான பிறகு, சில மாதங்களுக்கு முன்புதான் அத்தான் உண்மையைச் சொல்லி இந்த விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வந்திருக்கிறாள். "எங்க அம்மா உயிரோட இருக்காங்கன்னு அஞ்சு மாசம்தான் சித்தி எனக்குத் தெரியும். அந்த அஞ்சு மாசமும் அவங்க இல்ல" என்றாள்.

வேறு படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. புள்ளி வந்த பிறகு அக்கா யாரையும் படம் எடுக்கவிட்டதில்லை. மலையில் கேமராவே கிடையாது. அதனால் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டைமாடி, கார்போக அரிசி எண்ணெய், ஆன்ட்டி, முட்டைக்கோஸ் பேரம், ஆரஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தது. துணியில்லாமல் என்பதைச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. முட்டைக்கோஸைப் பற்றிச் சொன்னபோது அழுகைக்கு நடுவே சிரித்தாள். சிரிக்கும்போது அவள் முகத்தில் அக்கா இருந்தாள்.

நான் அந்த மொஹிங்காப் பெஞ்சைப் பற்றிச் சொன்னதும் அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"தனக்கா நிறையப் பூசிட்டு, கைய மூடிட்டு ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க, அவங்களா?"

"உனக்கு நெனவிருக்கா?"

"தெனமும் பாப்பேன் சித்தி. யாருன்னு வேலைக்கார அக்காகிட்ட கேட்டேன். பைத்தியம், அந்தப் பக்கம் பாக்காதேன்னு சொன்னாங்க." தட்டில் சோற்றை விரலால் ஒதுக்கினாள். "ஒரு நாள் அவங்க ரொம்ப மழையில நனைஞ்சிட்டு உக்காந்திருந்தாங்க. பாவமா இருந்துச்சு. அந்த வேலைக்கார அக்கா பாக்காதப்போ நான் கை காட்டினேன். இப்படி." சோறு ஒட்டிய கையைத் தோள்வரை தூக்கிக் காட்டினாள். "அவங்க பாத்தாங்களான்னு தெரியல. மழை. திரும்பக் கை காட்டல. உங்ககிட்ட சொன்னாங்களா?"

அக்கா என்னிடம் எதையும் மறைத்ததில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதுகில் வந்த ஒவ்வொரு புள்ளியையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். குழந்தை இன்றைக்கு ரிப்பன் கட்டியிருந்தது, இன்றைக்கு இருமியது என்று தினமும் வந்து சொன்னவள். இதை மட்டும் அவள் சொல்லவே இல்லை. மழையில் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்து, பதிலுக்குத் தன் கையைத் தூக்கினால் பிள்ளை பயந்துவிடும் என்று சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் ஆளில்லை.

என் முன்னால் அந்தப் பெண் எச்சில் கை காயக் காத்திருந்தாள்.

"சொன்னா" என்றேன். "வீட்டுக்கு ஓடி வந்து முதல்ல எங்கிட்டதான் சொன்னா. பாப்பா எனக்குக் கை காட்டினாடின்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.